டிரைவர் எழுந்திருக்கும் முன்னே லூப் எழுந்துவிடும்: ஈதர்நெட் சுவிட்ச் டிரைவர் எழுதப் புதிதாக வருபவர்களுக்கு

"ஏண்டா, மறுபடியும் பொட்டி நின்னு போச்சு" என்று இரண்டாங்கட்டிலிருந்து அப்பத்தா குரல் வந்தால், முகப்பில் உட்கார்ந்திருக்கும் நான் போர்டை ரீபூட் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று நாள் இந்தக் கூத்து நடந்தது.

கோட்டையூரில் எங்களுடையது பழைய வீடு. சுவர் கனத்துக்கு வைஃபை ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்குப் போகாது. அதனால் முகப்பில் இருக்கும் பிராட்பேண்ட் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து, வளவு என்கிற நடுமுற்றத்துத் தூண் ஓரமாக எட்டு போர்ட் சுவிட்ச் ஒன்றை வைத்து, அங்கிருந்து பின்கட்டு வரைக்கும் கொண்டுபோயிருக்கிறோம். நான் டிரைவர் எழுதிக்கொண்டிருந்த போர்டு, ஐயா காலத்துக் கணக்கப்பிள்ளை சாய்மேசை மேல் கிடந்தது. அதில் ஒரு சுவிட்ச் சிப், வெளியே நான்கு போர்ட், உள்ளே லினக்ஸ் ஓடும் பிராசஸருக்கு ஒரு போர்ட். அந்தப் போர்டிலிருந்து வீட்டு சுவிட்சுக்கு வேண்டுமென்றே இரண்டு கேபிள் போட்டிருந்தேன். ஸ்பேனிங் ட்ரீ என்பது நெட்வொர்க்கில் சுற்றுவழி வராமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு; அது ஒழுங்காக வேலை செய்தால் அந்த இரண்டில் ஒன்றைத் தானாக அடைக்க வேண்டும், அதைப் பார்க்கத்தான்.

அடைக்கவும் செய்தது. லினக்ஸ் முழுக்க எழுந்த பிறகு போய்ப் பார்த்தால் ஒரு போர்ட் ஃபார்வர்டிங் (திறந்தது), இன்னொன்று பிளாக்கிங் (அடைத்தது), எல்லாம் புத்தகத்தில் இருக்கிற மாதிரி. ஆனால் ஒவ்வொரு ரீபூட்டின்போதும் நாற்பது விநாடிக்குக் கிட்ட வீட்டு நெட்வொர்க்கே செத்துப்போகும். தூண் ஓரத்து சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்கும், கண்ணுக்கு அது தொடர்ந்து எரிவது போலவே இருக்கும். அப்படி எல்லா விளக்கும் சேர்ந்து துடித்தால் வேறெதையும் தேட வேண்டாம், அது லூப்.

ஸ்பேனிங் ட்ரீ சரியாக இருக்கிறது, லூப்பும் இருக்கிறது, இது எப்படி? எனக்கே உறைக்க மூன்று நாள் ஆனது. ஸ்பேனிங் ட்ரீ லினக்ஸுக்குள் ஓடுகிறது. சுவிட்ச் சிப்போ கரண்ட் வந்த நிமிடமே எழுந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்கு யார் பொறுப்பு என்றால், டிரைவர் எழுதுகிறவர்தான். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த இடைவெளியைப் பற்றியது.

லூப் என்றால் என்ன

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம்.

சுவிட்ச் அடிப்படையில் ரொம்ப வெகுளியான பெட்டி. ஒரு போர்ட்டில் பிரேம், அதாவது ஈதர்நெட்டில் போகும் தகவல் பொட்டலம் வந்தால், அனுப்பியவரின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரியை) பார்த்து "இவர் இந்த வாசல் பக்கம் இருக்கிறார்" என்று குறித்துக்கொள்ளும். பெறுபவரின் முகவரி ஏற்கெனவே குறிப்பில் இருந்தால் அந்த வாசலுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றாலோ, எல்லோருக்குமான பிராட்காஸ்ட் பிரேமாக இருந்தாலோ, வந்த வாசலைத் தவிர மற்ற எல்லா வாசலிலும் விட்டுவிடும்.

எங்கள் பக்கம் பெரிய வீடுகள் தெருவுக்குத் தெரு நீண்டிருக்கும். முன்வாசல் ஒரு தெருவில் என்றால் பின்வாசல் அடுத்த தெருவில். அப்படி ஒரு வீட்டில், முன்வாசலில் கேட்டதைப் பின்வாசலில் போய்ச் சொல்வது, பின்வாசலில் கேட்டதை முன்வாசலில் வந்து சொல்வது என்று ஒரு வழக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு மட்டும் இப்படி இருந்தால் நல்லதுதான், இரண்டு தெருவுக்கும் சேதி போய்ச் சேரும். அதே வரிசையில் இன்னொரு வீடும் இதே வழக்கம் வைத்திருந்தால்? "நாளைக்குக் குழாய்த்தண்ணி வராது" என்று முன்தெருவில் ஒருவர் சொல்கிறார். முதல் வீடு அதைப் பின்தெருவில் சொல்லும். பின்தெருவில் கேட்ட இரண்டாவது வீடு அதைக் கொண்டுவந்து முன்தெருவில் சொல்லும். முதல் வீட்டுக்கு இது தான் சொன்ன அதே சேதி என்று தெரியாது, மறுபடி பின்தெரு. சேதியில் தேதியும் கிடையாது, "நாளைக்கு" என்றுதான் இருக்கிறது. தண்ணீர் வந்து, நின்று, திரும்ப வந்த பிறகும் "நாளைக்கு வராது" சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஈதர்நெட் பிரேமின் பிரச்சினையும் அந்தத் தேதி இல்லாததுதான். ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும், பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். ஈதர்நெட் தலைப்பில் அப்படி எதுவுமே இல்லை. சுற்றத் தொடங்கிய பிராட்காஸ்ட் பிரேம், கேபிளைப் பிடுங்கும் வரை, இல்லை நெரிசலில் எங்காவது தொலையும் வரை சுற்றும். ஒரு ஜிகாபிட் கேபிளில் மிகச் சிறிய பிரேம், அதாவது 64 பைட், அதோடு முன்னால் 8 பைட், இடைவெளிக்கு 12 பைட் சேர்த்து 84 பைட், விநாடிக்கு 14,88,095 முறை போக முடியும். இத்தனைக்கும் ஒரே ஒரு ஏஆர்பி கேள்வி, அதாவது ஒரு ஐபி முகவரி யாருடையது என்று எல்லோரிடமும் கேட்கும் பிராட்காஸ்ட் போதும், வரிசை நிரம்பிவிடும். பிராட்காஸ்ட் என்பதால் வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கருவியும் அதை வாங்கிப் பார்த்தாக வேண்டும். அப்பத்தாவின் டிவிப் பெட்டி பாவம், "இந்த ஐபி யாருடையது" என்ற ஒரே கேள்வியை விநாடிக்கு லட்சம் முறை கேட்டுக்கொண்டிருந்தால் சீரியலை எங்கே ஓட்டுவது.

இன்னொரு கோளாறும் கூடவே வரும். ஒரே ஆளின் பிரேம் ஒருமுறை இந்த வாசலில், அடுத்த முறை அந்த வாசலில் என்று வருவதால், சுவிட்சின் குறிப்பு விநாடிக்கு ஆயிரக்கணக்கில் மாறி மாறி எழுதப்படும். நேராகப் போகவேண்டிய பிரேம்களும் வழிதவறும்.

இதற்கான மருந்து பழையது. டெக் (டிஜிட்டல் எக்விப்மென்ட்) கம்பெனியில் இருந்த ராடியா பெர்ல்மன் 1985இல் கண்டுபிடித்த ஸ்பேனிங் ட்ரீ, பிறகு 1990இல் ஐஇஇஇ 802.1டி தரமாக வந்தது. சுவிட்சுகள் 2 விநாடிக்கு ஒருமுறை பிபிடியூ என்ற சிறு பிரேமை அனுப்பிக்கொண்டு, தங்களுக்குள் ஒன்றை வேராக வைத்து, வேருக்குப் போக ஒரு வழி போதும் என்று மிச்ச வழிகளை அடைத்துவிடும். புதிதாக எழுந்த போர்ட் உடனே வேலைக்கு வராது. 15 விநாடி லிசனிங், 15 விநாடி லேர்னிங், அப்புறம்தான் ஃபார்வர்டிங். 2001இல் வந்த ராபிட் வடிவம் இந்தக் காத்திருப்பைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. லினக்ஸ் கெர்னலுக்குள் இருப்பது பழைய வடிவம்தான், ராபிட் வேண்டுமானால் யூசர்ஸ்பேஸில், அதாவது கெர்னலுக்கு வெளியே, பின்னணியில் ஓடும் தனி டீமன் ஓட்ட வேண்டும். லினக்ஸ் பிரிட்ஜில், அதாவது லினக்ஸுக்குள் மென்பொருளாக இருக்கும் சுவிட்சில், ஸ்பேனிங் ட்ரீ இயல்பாக அணைந்துதான் இருக்கும், நாம்தான் போட வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.

டிரைவரின் இடம் எங்கே

புதியவர்கள் பலருக்கும் இங்கேதான் குழப்பம். "ஸ்பேனிங் ட்ரீயை டிரைவரில் எழுத வேண்டுமா?" வேண்டாம். யோசிப்பது பிரிட்ஜ். டிரைவர் கைவேலைக்காரர், பிரிட்ஜ் சொன்னதை சிப்பின் ரெஜிஸ்டரில், அதாவது சிப்பை ஆட்டிவைக்கும் அதன் உள் நினைவில், எழுதுவதுதான் வேலை. லினக்ஸில் இதற்கென்றே டிஎஸ்ஏ, அதாவது டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் ஆர்க்கிடெக்சர் என்ற அமைப்பு 2008இலிருந்து இருக்கிறது. சிப்பின் ஒவ்வொரு வெளிப்போர்ட்டும் லினக்ஸில் தனி நெட்வொர்க் இடைமுகமாக, லான்1, லான்2 என்று தெரியும். நீங்கள் எழுதிக் கொடுப்பது சில ஃபங்ஷன்கள்: சிப் எழும்போது செட்டப், போர்ட் ஒரு பிரிட்ஜில் சேரும்போது பிரிட்ஜ் ஜாயின், விலகும்போது பிரிட்ஜ் லீவ், ஸ்பேனிங் ட்ரீ நிலை மாறும்போது எஸ்டிபி ஸ்டேட் செட். இவற்றில் ஒன்றைச் சோம்பலாக எழுதினாலும் லூப்புக்கு வழி கிடைத்துவிடும்.

இந்த லான்1, லான்2 ஏற்பாட்டில் ஒரு வாக்குறுதி ஒளிந்திருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. லினக்ஸில் தனித்தனி நெட்வொர்க் கார்டு இரண்டு இருந்தால், ஒன்றில் வந்த பிரேம் தானாக இன்னொன்றில் போகுமா? போகாது. யாராவது பிரிட்ஜ் போட்டால்தான் போகும். அப்படியென்றால் லான்1, லான்2வும் அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். ஆனால் உள்ளே இருப்பது ஒரே சுவிட்ச் சிப், அதன் பிறவிக் குணமே எல்லாவற்றையும் இணைப்பது. அந்தக் குணத்தை அடக்குவது உங்கள் பொறுப்பு.

எங்கள் வீட்டு வளவைச் சுற்றி அறைகள் இருக்கின்றன. அண்ணன் தம்பி என்று ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஓர் அறை, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. அறையிலிருந்து வளவுக்கு வரலாம், வளவிலிருந்து அறைக்குப் போகலாம். அறையிலிருந்து பக்கத்து அறைக்கு நேராகக் கதவு கிடையாது. டிரைவர் எழுந்ததும் சிப் இப்படித்தான் இருக்க வேண்டும். வளவு என்பது பிராசஸருக்குப் போகும் போர்ட், அதைச் சிபியு போர்ட் என்பார்கள். அறைகள் வெளிப்போர்ட்டுகள்.

பெரும்பாலான சிப்பில் இதற்கு ஒரு ரெஜிஸ்டர் உண்டு. ஒவ்வொரு போர்ட்டுக்கும் "இங்கே வந்தது எங்கெங்கே போகலாம்" என்று ஒரு பிட் வரிசை. என் போர்டையே எடுத்துக்கொள்வோம்: வெளிப்போர்ட் 0, 1, 2, 3, சிபியு போர்ட் 4. பிட் மதிப்புகள் 1, 2, 4, 8, 16. தனித்து இருக்கும்போது வெளிப்போர்ட் நான்குக்கும் 16, வளவுக்கு மட்டும் வழி. சிபியு போர்ட்டுக்கு 15, நான்கு அறைக்கும் போகலாம், தனக்குத்தானே போகக்கூடாது. போர்ட் 0உம் 1உம் ஒரே பிரிட்ஜில் சேர்ந்தால், 0க்கு 2உம் 16உம் சேர்த்து 18, 1க்கு 1உம் 16உம் சேர்த்து 17.

இவ்வளவு சின்னக் கூட்டலில் என்ன தப்பு வந்துவிடும் என்று நினைப்பீர்கள். நான் செய்த தப்பைச் சொல்கிறேன். பிரிட்ஜில் இருக்கிற போர்ட்டுகளை எல்லாம் ஒரு லூப் போட்டு (இது நல்ல லூப், கோடில் வருவது) சேர்த்து, அதே மதிப்பை எல்லாப் போர்ட்டுக்கும் எழுதிவிட்டேன். 0க்கு 19, 1க்கும் 19. அதாவது போர்ட் 0இல் வந்த பிராட்காஸ்ட், போர்ட் 0 வழியாகவே திரும்பிப் போகலாம் என்று அனுமதி. சில சிப்புகள் வந்த வழியே திருப்பி அனுப்ப மாட்டேன் என்று தாங்களாகவே தடுத்துவிடும், என் அதிர்ஷ்டம், இந்தச் சிப் தடுக்கவில்லை. ஒரே கேபிள், இரண்டாவது கேபிளே இல்லை, அப்படியும் அனுப்பியவருக்கே அவர் பிரேம் திரும்பி வந்தது. அந்தப் பக்கம் இருக்கிற சுவிட்ச், "ஓ, இந்த ஆள் இப்போது இந்த வாசல் பக்கம் போல" என்று தப்பாகக் குறித்துக்கொண்டது.

பிரிட்ஜை விட்டு விலகும்போது இன்னொரு குழி. போர்ட் 0 விலகியதும் அதன் மதிப்பை 16 ஆக்கிவிட்டு, போர்ட் 1இன் மதிப்பிலிருந்து 0இன் பிட்டை எடுக்க மறந்தால், ஒரு பக்கக் கதவு பூட்டி, மறுபக்கம் திறந்த கதை. 0இலிருந்து 1க்குப் போகாது, 1இலிருந்து 0க்கு ஒழுகும். பிங் போட்டால் பதில் வராது என்பதால் பிரிந்துவிட்டது என்று நம்பிவிடுவோம். கதவுக்கு இரண்டு பக்கம் உண்டு, சேர்க்கும்போதும் பிரிக்கும்போதும் இரண்டு பக்கமும் எழுத வேண்டும். அதேபோல் வேறு வேறு பிரிட்ஜில் இருக்கிற போர்ட்டுகளைச் சேர்த்துவிடக் கூடாது. "பிரிட்ஜில் இருக்கிறதா" என்று கேட்டால் போதாது, "அதே பிரிட்ஜில் இருக்கிறதா" என்று கேட்க வேண்டும்.

தனித்து இருக்கும் போர்ட்டில் முகவரி கற்பதையும் அணைத்து வையுங்கள். பிரிட்ஜே இல்லாத இடத்தில் சிப் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறது, பின்னால் குழப்பம்தான் மிச்சம்.

கரண்ட் வந்ததும் முதல் வேலை

இப்போது அந்த நாற்பது விநாடிக்கு வருவோம். நிறைய சுவிட்ச் சிப்புகள், யாரும் எதுவும் சொல்லாவிட்டால், கடையில் விற்கும் சாதா சுவிட்ச் மாதிரி எல்லாப் போர்ட்டையும் இணைத்துக்கொண்டு எழும். பிராசஸரே இல்லாத பெட்டியிலும் அதே சிப்பை விற்க வேண்டும் அல்லவா, அதற்காக. என் செட்டப் ஃபங்ஷன் என்ன செய்தது? சிப்பின் அடையாள எண்ணைப் படித்தது, சிபியு போர்ட்டை அமைத்தது, அவ்வளவுதான். வெளிப்போர்ட்டுகளைத் தொடவே இல்லை, பிரிட்ஜ் ஜாயின் வரும்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். அது வரும் வரைக்கும் நான்கு அறைக் கதவும் விரியத் திறந்து கிடந்தன.

செட்டப்பில் முதல் வேலை எல்லா வெளிப்போர்ட்டையும் டிசேபிள்ட் நிலைக்குக் கொண்டுபோவது. அடுத்து சிப்பை ரீசெட் செய்வது. ரீசெட் ஆனதும் சிப் மறுபடி பிறவிக் குணத்துக்குப் போயிருக்கலாம், அதனால் திரும்ப எல்லாப் போர்ட்டையும் டிசேபிள்ட் ஆக்கி, பிட் வரிசையை 16, 16, 16, 16, 15 என்று எழுதி, பழைய முகவரிக் குறிப்பை முழுக்க அழிப்பது. வேலையே இல்லாத போர்ட்டின் பிஹெச்ஒய்யை, அதாவது கேபிளோடு நேராகப் பேசும் சுற்றை, அணைத்தே வைக்கலாம், எதிர்முனைக்கு லிங்க்கே தெரியாது, பூட்டுக்கு மேல் ஒரு தாழ்ப்பாள்.

லினக்ஸில் இருக்கும் மார்வெல் சிப் டிரைவரைத் திறந்து பாருங்கள், படிக்க நல்ல உதாரணம். ரீசெட்டுக்கு முன்னால் எல்லாப் போர்ட்டையும் டிசேபிள்ட் ஆக்கிவிட்டு, உள்ளே வரிசையில் நிற்கிற பிரேம்கள் வடியட்டும் என்று 2 மில்லி விநாடி காத்திருக்கும். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு முழு பிரேம், 1518 பைட், போய்முடிய 1.2 மில்லி விநாடிக்குச் சற்று மேல் ஆகும், அந்தக் கணக்கு. கதவைச் சாத்தும்போது நிலைப்படியில் நிற்கிற ஆளையும் வெளியே அனுப்பிவிட்டுச் சாத்துகிற மரியாதை.

இதைச் செய்ததும் நாற்பது விநாடி ஏழெட்டு விநாடியாகக் குறைந்தது. குறைந்ததே தவிரப் போகவில்லை. ஏனென்றால் டிரைவர் ஓட கெர்னல் எழ வேண்டும், கெர்னல் எழ பூட்லோடர் ஓட வேண்டும், அந்த நேரமெல்லாம் சிப் சும்மா இருக்காது. இந்த இடத்தில் டிரைவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. சிப்பின் ஸ்ட்ராப் பின்களில், கரண்ட் வரும்போது போர்ட்டுகள் மூடியே இருக்க வேண்டும் என்று சொல்ல வழி இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டும். இல்லையா, சிப்பின் ரீசெட் பின்னை, டிரைவர் வந்து எடுத்துவிடும் வரை அழுத்தியே வைக்கிற மாதிரி போர்டில் ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவும் இல்லையென்றால் பூட்லோடரில் போர்ட்டுகளை அடைக்கிற நாலு வரி. என் போர்டில் பூட்லோடர்தான் வில்லன், நெட்வொர்க் வழியாக கெர்னலை எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று யாரோ எல்லாப் போர்ட்டையும் இணைத்தே விட்டிருந்தார்கள். மேசை மேல் ஒரு கேபிளோடு வேலை பார்க்கிறவருக்கு அது வசதிதான்.

எண் மாறினால் கதை மாறும்

எஸ்டிபி ஸ்டேட் செட் பார்க்க ஐந்து வரி ஃபங்ஷன். பிரிட்ஜ் ஒரு எண்ணைக் கொடுக்கும், அதை ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். லினக்ஸில் அந்த எண்கள்: டிசேபிள்ட் 0, லிசனிங் 1, லேர்னிங் 2, ஃபார்வர்டிங் 3, பிளாக்கிங் 4. பல சிப்பில் இரண்டே பிட்தான் இதற்கு: டிசேபிள்ட் 0, பிளாக்கிங்கும் லிசனிங்கும் சேர்த்து 1, லேர்னிங் 2, ஃபார்வர்டிங் 3. பாருங்கள், நான்கு எண் தானாகவே பொருந்துகிறது. அதனால் அவசரத்தில் வந்த எண்ணை அப்படியே எழுதிவிடத் தோன்றும். 4ஐ இரண்டு பிட்டில் வெட்டினால் 0. பிளாக்கிங் என்று சொன்னது டிசேபிள்ட் ஆகிவிடும்.

அதனால் என்ன, இரண்டிலும் பிரேம் போகாதே என்று கேட்கலாம். வித்தியாசம் பிபிடியூவில் இருக்கிறது. பிளாக்கிங்கில் இருக்கும் போர்ட் சாதாரணப் பிரேமை விடாது, ஆனால் பிபிடியூவைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். டிசேபிள்ட் போர்ட் காதையும் பொத்திக்கொள்ளும். 20 விநாடி பிபிடியூ எதுவும் காதில் விழாவிட்டால், பிரிட்ஜ் "அந்தப் பக்கம் யாருமில்லை போல" என்று முடிவுசெய்து போர்ட்டை லிசனிங்குக்கு எழுப்பும். லிசனிங் எண் சரியாக எழுதப்படுவதால் உடனே பிபிடியூ கேட்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். லாகில் 20 விநாடிக்கு ஒருமுறை ஒரு போர்ட் எழுந்து எழுந்து படுத்தால், லினக்ஸ் எண்ணைச் சிப் எண்ணாக மாற்றும் இந்த இடத்தை முதலில் பாருங்கள்.

லூப்பே வந்துவிடுகிற தப்பு இன்னொன்று. பிபிடியூவின் பெறுநர் முகவரி 01-80-சி2-00-00-00. இந்த முகவரிக்கு வருவதை, போர்ட் பிளாக்கிங்கில் இருந்தாலும் சரி, பிடித்து சிபியு போர்ட்டுக்கு அனுப்பு என்று சிப்பிடம் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், பல சிப்புகள் லிசனிங்கிலும் லேர்னிங்கிலும் மற்ற பிரேமோடு பிபிடியூவையும் சேர்த்துக் கீழே போட்டுவிடும். பிரிட்ஜுக்கு எதிரில் யாரும் இருப்பதே தெரியாது. 15 விநாடி லிசனிங், 15 விநாடி லேர்னிங், சரியாக முப்பதாவது விநாடியில் இரண்டு கேபிளும் ஃபார்வர்டிங், உடனே பிராட்காஸ்ட் புயல். "போட்டதும் நல்லா இருக்கு, அரை நிமிஷம் கழிச்சுதான் சாகுது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். புயல் வந்த பிறகு பிபிடியூ சிபியுவுக்கு வர வழி கிடைத்தாலும், அந்தக் கூட்டத்தில் அது நசுங்காமல் வந்துசேரும் என்று நம்ப முடியாது.

போகிற வழியும் அதேதான். லினக்ஸ் அனுப்பும் பிபிடியூ, அடைத்து வைத்திருக்கும் போர்ட் வழியாகவும் வெளியே போக வேண்டியிருக்கும். சிபியுவிலிருந்து சிப்புக்குப் போகிற ஒவ்வொரு பிரேமிலும் "இது இந்தப் போர்ட்டுக்கு" என்று ஒரு டேக் ஒட்டித்தான் அனுப்புகிறோம். அந்த டேக் இருந்தால் நிலையைப் பார்க்காமல் வெளியே விடு என்று சிப் புரிந்துகொள்ள வேண்டும், சில சிப்பில் டேக்குக்குள் அதற்கென்றே ஒரு பிட் இருக்கும்.

நடுவில் ஒரு விஷயம், இந்தச் சோதனையை வீட்டு சுவிட்சில் நான் செய்ய முடிந்ததற்குக் காரணம் அது பிபிடியூவை விழுங்காமல் ஒரு கேபிளில் வந்ததை இன்னொரு கேபிளில் விட்டதுதான். போர்டு தன் பிபிடியூவைத் தானே இன்னொரு போர்ட்டில் கேட்டு, "அட, நான்தான்" என்று ஒன்றை அடைத்துக்கொண்டது. எல்லாச் சின்ன சுவிட்சும் இப்படி விடாது. விழுங்குகிற சுவிட்சோடு இரண்டு கேபிள் போட்டால் உங்கள் டிரைவர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் லூப் வரும், டிரைவரைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

லூப் மாதிரி தெரியும், ஆனால் லூப் இல்லை

பிரிட்ஜில் சேர்ந்த இரண்டு போர்ட்டுக்கு நடுவில் பிராட்காஸ்ட் போனால், சிப்பே அதை அடுத்த போர்ட்டில் விட்டுவிடும், ஒரு பிரதியை சிபியுவுக்கும் கொடுக்கும். சிபியுவில் இருக்கும் லினக்ஸ் பிரிட்ஜ் அதைப் பார்த்து, "பிராட்காஸ்டா, அடுத்த போர்ட்டுக்கு அனுப்ப வேண்டுமே" என்று இன்னொரு முறை அனுப்பும். கல்யாண வீட்டில் பந்தியில் ஒருவர் பாயசம் ஊற்றிப் போனதும் பின்னாலேயே இன்னொருவர் வந்து அதே இலையில் ஊற்றுகிற கதை. எதிர்முனையில் எல்லாம் இரண்டு இரண்டாக வரும், பிங்கில் டூப் என்று காட்டும். சுற்றாது, இரண்டோடு நின்றுவிடும், அதை வைத்தே இது லூப் இல்லை என்று கண்டுபிடிக்கலாம்.

இதற்கு டேக்கைப் பிரிக்கும் கோடில், பிரேம் மேலே போகும் முன், ஆஃப்லோட் ஃபார்வர்ட் மார்க் என்ற குறியைப் போட வேண்டும். "இதைச் சிப் ஏற்கெனவே விநியோகித்துவிட்டது, நீ மறுபடி செய்யாதே" என்று பிரிட்ஜுக்குச் சொல்கிற குறி. டிஎஸ்ஏவில் தயாராக ஒரு ஃபங்ஷன் இருக்கிறது, போர்ட் பிரிட்ஜில் இருந்தால் மட்டும் குறி போடும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் போட்டால் எதிர்ப்பக்கத் தப்பு நடக்கும், சிப் அனுப்பாததை பிரிட்ஜும் அனுப்பாது, பிரேம் நடுவழியில் காணாமல் போகும்.

ஒரு போர்ட் ஃபார்வர்டிங்கிலிருந்து பிளாக்கிங்குக்குப் போனால் அதில் கற்ற முகவரிகளை உடனே அழிக்க வேண்டும், ஃபாஸ்ட் ஏஜ் என்பது அதுதான். விட்டால் வழக்கமான 300 விநாடி வரைக்கும் பிரேம்கள் அடைத்த கதவில் போய் முட்டிக்கொண்டிருக்கும். இதில் லூப் வராது, ஆனால் "ஐந்து நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகிவிட்டது" என்ற மர்மக் கதை வரும்.

எப்படிச் சோதிப்பது

பிரிட்ஜ் இல்லாமல், லான்1இல் ஒரு மடிக்கணினி, லான்2இல் இன்னொன்று. முதலாவதிலிருந்து விநாடிக்குச் சில பிராட்காஸ்ட் விடாமல் அனுப்பிக்கொண்டே இருங்கள், இரண்டாவதில் வரும் பிரேம்களைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப் நிரலை ஓட்டி எண்ணுங்கள். ஒன்றுகூட வரக் கூடாது. இதை ஓடவிட்டபடியே போர்டின் கரண்டை அணைத்துப் போடுங்கள், முக்கியமான சோதனை இதுதான். எழும் நேரத்தில் எத்தனை பிரேம் ஒழுகியது, எந்த விநாடியில் ஒழுகியது என்று பார்த்தாலே, குற்றவாளி பூட்லோடரா, கெர்னலா, உங்கள் செட்டப்பா என்று தெரிந்துவிடும். பிறகு பிரிட்ஜ் போட்டு, ஒரு போர்ட்டைச் சேர்த்து, விலக்கி, மறுபடி எண்ணுங்கள், இரண்டு திசையிலும். கெர்னலோடு வரும் சோதனைத் தொகுப்பில் நோ ஃபார்வர்டிங் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, பிரிட்ஜ் இல்லாத போர்ட்டுகளுக்கு நடுவே விதவிதமான பிரேம்களை அனுப்பிப் பார்ப்பது அதன் வேலை. அதையும் ஓட்டுங்கள். ஆனால் அது லினக்ஸ் எழுந்த பிறகு ஓடுவது, எழும் நேரத்து ஒழுகலை அது பார்க்காது.

சில சிப்பில் பிராட்காஸ்ட் வேகத்துக்கு வரம்பு போட்டு, புயல் வந்தாலும் நெட்வொர்க் சாகாமல் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கும். கடைசியாகப் போட்டுக்கொள்ளுங்கள், முதலிலேயே போட்டுவிட்டால் லூப் இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

இரண்டு கேபிள் சோதனைக்குத் தனியாக ஒரு பழைய சுவிட்ச் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டு நெட்வொர்க்கில் செய்யாதீர்கள். நான் அதை நான்காம் நாள்தான் வாங்கினேன், காரைக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில், ஐந்து போர்ட்டில் ஒன்று செத்தது.

பூட்லோடரைத் திருத்தி, ரீசெட் பின்னையும் இழுத்துப் பிடித்த பிறகு பத்து முறை கரண்டைப் போட்டு அணைத்து எண்ணினேன், பத்து முறையும் பூஜ்யம். அன்று சாயங்காலம் போர்டை வீட்டு சுவிட்சிலேயே மாட்டி, இரண்டு கேபிளோடு ரீபூட் செய்துவிட்டு இரண்டாங்கட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அரை நிமிடத்தில் "ஏண்டா" என்று குரல் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஃபேனும் சுற்றவில்லை, தெருவுக்கே கரண்ட் இல்லை.